பட்டினத்தில் இடனறிதல்

திருவள்ளுவனார் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துள்ளார். பகைமேற் செல்லும் அரசனை நோக்கிக் கூறப்பட்ட இம்மூன்றையும் வகுப்பறையிலே பல்லாண்டு படிப்பித்து வருகின்ற யாம், அவை அரசர்க்கு மட்டும் உரியன அல்ல என்பதைச் சென்னை மாநகரிலே கண்டு தெளிந்தோம். அளவான பணத்தோடு, முன்பின் பழகாத பெருநகரத்திலே பத்து நாள் தங்கவேண்டிய குடும்பத்தானும் தன் பணத்தின் வலியை அறிதல் வேண்டும்; செல்லுங் காலத்தை அறிதல் வேண்டும்; தங்கும் இடத்தை அறிதல் வேண்டும். இம்மூன்றனுள் இடமே தலையாயது என்பது எம் துணிபு.

கல்லூரி விழா மலரிலே விடுதி வாடகையைப் பற்றி எழுதுவதா என அன்பர் சிலர் நகைத்தல் கூடும். ஆயினும், நம்மூரிலிருந்து சென்னைக்குச் செல்வோர் தொகை பெருகியுள்ள காலம் இது. நம் சந்தியை ஊடறுத்துச் செல்லும் பலாலி வீதியின் பெயருக்குரிய விமான நிலையம் 2019இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாயிற்று. அவ்வாண்டு தொடங்கிய சென்னைப் பறப்பு நோய்த்தொற்றுக் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்ரெம்பரில் இன்னொரு நிறுவனமும் அத்தடத்தில் இறங்கிற்று. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்ரோபரிலே கப்பலும் ஓடத் தொடங்கியது. கண் வைத்தியத்துக்கும் இருதய வைத்தியத்துக்கும் செல்வோர், கூறை எடுக்கச் செல்வோர், தலயாத்திரை செல்வோர், நூல் தேடிச் செல்வோர் எனப் பலர் உளர். இவர்களுட் பெரும்பாலோர் விமானச் சீட்டின் விலையைப் பத்துத் தரம் ஒப்பு நோக்குகின்றனர். தங்குமிடத்தையோ யாரோ ஒருவர் சொன்ன சொல்லை நம்பி விட்டுவிடுகின்றனர். 2022இலே நம் ரூபா வீழ்ந்தபின், ஆங்குச் செலவாகும் ஒவ்வோர் இந்திய ரூபாவும் நமக்கு முன்னையினும் பாரமாயிற்று. ஆதலின் இப்பொருள் சிறிதன்று.

யாழ்ப்பாணத்தார்க்குச் சென்னையிலே தங்குதல் புதிதன்று. ஆறுமுக நாவலர் 1849இலே அச்சியந்திரம் வாங்கும்பொருட்டு அங்கே சென்றார். பின்னர் அந்நகரின் தங்கசாலைத் தெருவிலேயே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். துறைமுகத்துக்கு அண்மையதாய், வாணிகர் நெருங்கி வாழ்ந்த பகுதியிலே நூற்பதிப்புக்குரிய இடத்தை அவர் கொண்டமை, செய்யும் தொழிலுக்கேற்ற இடந்தெரிதல் என்று கருதுவது பிழையாகாது. நம் அயற்கிராமமாகிய சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராய் விளங்கி, ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்ததும் அந்நாட்டிலேயாம். அவர்க்குப் பின் வந்தோர்க்கு 1914இலே தொடங்கிய தனுக்கோடி வழி பெருவாயிலாயிற்று. தலைமன்னாரிலே கப்பலேறித் தனுக்கோடியில் இறங்கிப் புகையிரதத்தில் எழும்பூரை அடைந்தனர். அந்நிலையத்தை அடுத்த ஒழுங்கைகளிலேயே தங்கினர். 1964 டிசம்பர்ப் புயல் தனுக்கோடியை அழித்த பின்னரும், "சென்னையென்றால் எழும்பூர்" என்னும் சொல் நம் முதியோர் வாயினின்றும் மறையவில்லை. அச்சொல் அக்காலத்துக்குப் பொருந்தியது. இக்காலத்து எல்லாத் தேவைக்கும் பொருந்துமோ என்பதை ஆராய்தல் வேண்டும்.

இனி, விடுதி வாழ்வை நம் தலைமுறையினர் முதலிற் கற்றது கொழும்பிலே. கடவுச்சீட்டுக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்குமாகக் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் மாதக்கணக்கில் லொட்ஜுகளிற் காத்திருந்தோர் நம்மிற் பலர். 2007 சூன் 7ஆம் நாள் அத்தகைய விடுதிகளிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அச்செயலைத் தடுத்தது. அந்நாளை அறிந்தவர்க்கு, விடுதியறை என்பது கட்டிலும் விசிறியும் மாத்திரம் அன்று; 'இங்கே நாம் இருக்கலாம்' என்னும் உறுதியும் ஆகும். ஆதலின், விலையைக் கேட்குமுன் நாம் கேட்கவேண்டிய வினா ஒன்று உளது. அது, "எங்கள் கடவுச்சீட்டை ஏற்பீர்களா?" என்பதாம்.

இந்திய நாட்டிலே அயல்நாட்டார் ஒருவர் வந்து தங்கினால், விடுதியினர் 24 மணி நேரத்துள் அதனை அரசுக்கு அறிவித்தல் வேண்டும். அதற்குரிய பதிவு இல்லாத சிறு விடுதிகள் நம்மை ஏற்கா. நாம் தமிழ் பேசுகின்றோம் என்பதனால் இவ்விதி தளராது. ஒருமுறை யாமும் எம் தமக்கையார் குடும்பத்தினரும், முன்பணம் செலுத்தி உறுதி பெற்ற ஒரு விடுதியின் வாயிலை இரவு ஒன்பது மணிக்கு அடைந்தோம். கணக்கர் கடவுச்சீட்டின் அட்டையைக் கண்டவுடன், "சிலோன் பாஸ்போர்ட்டா சார்? இங்கே எடுக்கமாட்டாங்க" என்றார். முன்பணம் திரும்பி வரவில்லை. எம் அத்தான் கண் நோயாளர். பயணக்களைப்பால் வாயிற்படியிலேயே அமர்ந்துவிட்டார். தெருமுனைத் தேநீர்க்கடைக்காரர் இரங்கி வேறோர் இடங் காட்டியதனால் அன்றிரவு கழிந்தது. எந்த விடுதியாயினும், அயல்நாட்டாரை ஏற்பதாக எழுத்தில் விடை பெறாமல் ஒரு சதமும் அனுப்பற்க. கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் படிகள் நான்கைந்து கையில் இருத்தலும் நன்று.

இனி வலியறிதலுக்கு வருவோம். அந்தப் பயணம் 2023இல் நிகழ்ந்தது. அத்தானின் கண் சத்திர சிகிச்சைக்காக அக்கா தம் காப்பு இரண்டையும் வங்கியில் ஈடுவைத்திருந்தார். ஆதலின் ஒவ்வொரு ரூபாவும் எழுதப்பட்டது. நுங்கம்பாக்கத்து மருத்துவமனைக்குப் பத்து நாளில் எட்டு நாள் செல்லவேண்டியிருந்தது. எமக்கு முன் இரு வழிகள் இருந்தன. ஒன்று போரூர்ப் பக்கத்து விடுதி; மூவர்க்கான அறை நாளொன்றுக்கு 1,000 ரூபா. மற்றது மருத்துவமனைக்கு நடைதூரத்தில் உள்ள வீட்டறை. சிறு சமையலிடத்தோடு 1,600 ரூபா. பார்த்தவுடன் முன்னையதே 6,000 ரூபா மலிவு என்று தோன்றும். எம் குறிப்பேட்டுக் கணக்கோ வேறாயிற்று.

போரூரிலே தங்கின், அறைக்கு 10,000. போக்குவரத்துக்கு ஆட்டோ நாளொன்றுக்கு 600ஆக எட்டு நாளுக்கு 4,800. நண்பகலில் அறைக்குத் திரும்ப இயலாமையால் மூவர்க்கும் கடைச்சாப்பாடு 300ஆக எட்டு நாளுக்கு 2,400. ஆக 17,200 ரூபா. மருத்துவமனைக்கு அருகே தங்கின், அறைக்கு 16,000. அரிசி, பருப்பு, காய்கறிக்கு 800. ஆக 16,800 ரூபா. ஆறாயிரம் மிச்சம் தரும் என்று தோன்றிய அறை, முடிவில் நானூறு ரூபா கூடுதலாய் முடியும்! பணத்தை விடுக. எட்டு நாளிலும் நாளுக்கு இரண்டு மணி நேரமாகப் பதினாறு மணி நேரம், கட்டுப் போட்ட கண்ணோடு ஒரு முதியவர் புகையிலும் வெயிலிலும் இருந்திருப்பார். அதற்கு எந்தக் குறிப்பேட்டிலே விலை எழுதுவது? யாம் அருகிலேயே தங்கினோம். அக்கா காலையிற் கஞ்சி காய்ச்சினார். குறித்த நேரந் தவறாமற் கண்ணுக்கு மருந்து விட்டார். அத்தான் நடந்து சென்று நடந்து வந்தார். ஊருக்குத் திரும்பியபோது, ஈடுவைத்த காப்புகளுள் ஒன்றையேனும் உடன் மீட்கத்தக்க பணம் எஞ்சியிருந்தது.

செம்மண் தோட்டக்காரர் வாழும் நம்மூரிலே இவ்வுண்மையை விளக்க நெடும் பேச்சு வேண்டா. தோட்டக் காணி வாங்குவோன் முதலிற் பரப்புக்கு என்ன விலை என்று கேளான். கிணறு எங்கே, பாதை எங்கே என்றே கேட்பான். கிணறு எட்டவுள்ள காணியை மலிவென்று வாங்கியவன், பின்னர் ஒவ்வோர் இறைப்பிலும் அவ்விலையை மீளவும் கட்டிக்கொண்டிருப்பான். விடுதியும் அத்தகையதே. நாம் செய்யச் சென்ற வேலையே கிணறு. அறை அதன் அருகே அமைதல் வேண்டும். ஆதலின் "சென்னையிலே மலிவான விடுதி எது?" என்பது வினாவன்று. "எவ்வேலைக்காகச் செல்கின்றோம்?" என்பதே முதல் வினா.

அவ்வினாவின் வழியே நகரின் பகுதிகளைச் சிறிது நோக்குவோம்.

வைத்தியத்துக்குச் செல்வோர்க்குக் கிரீம்ஸ் சாலை, ஆயிரம் விளக்கு, நுங்கம்பாக்கம் ஆகிய பகுதிகள் உரியன. 1978இலே தொடங்கிய சங்கர நேத்திராலயமும், 1983இலே தொடங்கிய அப்பொலோ மருத்துவமனையும் அப்பகுதிகளில் உள்ளன. நோயாளர் குடும்பங்களுக்கென்றே சமையலிடத்தோடு கூடிய அறைகள் அங்குள்ள ஒழுங்கைகளிற் பல உள. வங்காள தேசத்தினின்றும் மேற்கு வங்கத்தினின்றும் வருவோர் மிகுதி. பெயர்ப்பலகைகளிலே வங்காள எழுத்தும் காணலாம். அயல்நாட்டாரை ஏற்றுப் பழகிய இடமாதலின் கடவுச்சீட்டுத் தொல்லை அங்கே குறைவு. மாடிப்படி ஏறவியலாதவர் உடன் வரின், மின்தூக்கி உண்டா, அஃது இயங்குகின்றதா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

கூறைக்கும் நகைக்கும் செல்வோர் தியாகராய நகரை நாடுவர். எம் மருமகளின் திருமணத்துக்காக ஐவர் சென்றபோது யாம் உஸ்மான் சாலையிலே தங்கவில்லை. கடைத்தெருவின் நடுவே உள்ள அறைக்கு வாடகையும் மிகுதி, இரைச்சலும் மிகுதி. புகையிரதப் பாதைக்கு அப்பால் மேற்கு மாம்பலம் உளது. கோயிலும் மெஸ்ஸும் காய்கறிக்கடையும் நிறைந்த குடியிருப்புப் பகுதி அது. மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதத்திலே திறக்கப்பட்டது. ஆதலின் பெண்களும் முதியோரும் நெரிசலிற் சிக்காமற் சென்றுவரலாம். சந்தையின் நடுவிலும் சந்தையின் புறங்கடையே தங்குதற்கு நன்று என்பது இங்கே பெறப்படும்.

நூல் தேடிச் செல்லும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் திருவல்லிக்கேணியை யாம் பரிந்துரைப்போம். பாரதியார் இறுதி நாள்களைக் கழித்த அப்பகுதியிலே, 'மேன்ஷன்' என வழங்கும் பழைய விடுதிகள் உள்ளன. அறை சிறிது, சில இடங்களிற் குளியலறை பொது, பலவற்றில் ஆடவர்க்கே இடம். ஆயினும் அவற்றின் இருப்பிடச் சிறப்பு பெரிது. பைகிராப்ட்ஸ் சாலைப் பழைய புத்தகக் கடைகள் நடந்து செல்லுந் தூரத்தின. பறக்கும் புகையிரதத்தில் ஏறின், அவ்வொரு தடத்திலேயே திருமயிலையில் இறங்கிக் கபாலீச்சுரத்தைத் தொழலாம். கோட்டூர்புரத்தில் இறங்கி 2010இலே திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தை அடையலாம். தரமணியில் இறங்கி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் செல்லலாம். யாம் ஒரு கிழமை அங்கே தங்கி, பகலெல்லாம் நூலகங்களிலும் மாலையெல்லாம் கடற்கரையிலுமாகக் கழித்தோம். அறை ஒடுக்கமெனினும், அதனுள் இருந்த நேரம் துயின்ற நேரமே.

தலயாத்திரைக்கு இடையே ஓரிரவு தங்குவோர்க்கும், சிதம்பரம், தஞ்சை, இராமேச்சரம் செல்லும் புகையிரதம் பிடிப்போர்க்கும், எம் முதியோர் சொன்ன எழும்பூரே இன்றும் உரியது. கென்னட் சந்து முதலாய ஒழுங்கைகளில் விடுதிகள் நெருங்கியுள்ளன. 1896இலே திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் அண்மையது. ஆனால் பேருந்தில் தெற்கே செல்வோர் ஒன்றை நினைத்தல் வேண்டும். முன்பு கோயம்பேட்டிலிருந்து புறப்பட்ட தென்மாவட்டப் பேருந்துகளுக்கென 2023 டிசம்பர் இறுதியிலே நகருக்கு வெளியே கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டது. "கோயம்பேட்டுக்கு அருகே தங்கு" என்று பத்தாண்டின் முன் சொன்ன நல்லுரை இன்று அல்லுரை ஆகிவிட்டது. இடம் அங்கேயே உளது. அதன் பயன் இடம் பெயர்ந்துவிட்டது.

ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகளோடு செல்வோர் மெட்ரோத் தடத்தின் அருகே தங்குதல் நன்று. 2015இலே தொடங்கிய அத்தொடருந்தின் முதற்கட்டத் தடங்கள் 2019இல் நிறைவெய்தின. விமான நிலையத்திலிருந்து நந்தனம், ஆயிரம் விளக்கு வழியாகச் சென்ட்ரலுக்கு ஒரு தடம். ஆலந்தூரில் மாறினால் வடபழனி, கோயம்பேடு, எழும்பூர் வழியாக மற்றொரு தடம். வடபழனியிலே முருகன் கோயிலும் உண்டு. அயற்பகுதிகளில் நம் உறவினர் பலர் வாழ்தலும் உண்டு. மேலும், 2021 மே முதல் மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளிலே மகளிர்க்குக் கட்டணமில்லை. பெண்கள் பலர் செல்லுங் குடும்பம் பேருந்துத் தரிப்பிடத்தை அடுத்துத் தங்கின் அதுவும் ஓர் ஊதியமே.

இது சென்னைக்கு மட்டும் உரிய நெறியன்று. மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலே பணியாற்றிய நம் முன்னோர், கோலாலம்பூரிலே பிரிக்பீல்ட்ஸ் என்னும் இடத்தைச் சார்ந்து வாழ்ந்தனர். தொழிலிடமும் கோயிலும் உணவும் அருகே அமைந்தமை பற்றியே அவ்விடம் அவர்க்கு ஊராயிற்று. இடந்தேர்தலில் வல்லவராயிருந்தோர் வழிவந்தவர் நாம்.

இனிக் காலமறிதல். மார்கழியிலே இசைவிழாவுக்கென மயிலாப்பூர்ப் பக்கம் அறைகள் நிறையும். தையிலே புத்தகக் காட்சியும் பொங்கலும் ஒருங்கே வரும். பொங்கலை ஒட்டி ஊர் செல்வோரால் வண்டிகளில் இடங் கிடைத்தல் அரிது. தீபாவளிக்கு முந்திய கிழமைகளில் தியாகராய நகரிற் கால்வைத்தலே அரிது. நமக்கு மழை பொழியும் ஐப்பசி, கார்த்திகையிலேயே அந்நகருக்கும் மழை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெருவெள்ளம் தாழ்நிலங்களைச் சூழ்ந்தது. அக்காலத்திலே வேளச்சேரி முதலாய தாழ்ந்த பகுதிகளையும், எக்காலத்தும் நிலத்தளத்துக்குக் கீழமைந்த அறைகளையும் விலக்குக. கோடையிலே கேட்கவேண்டுவது தண்ணீர். 2019 கோடையில் நகருக்கு நீரூட்டும் ஏரிகள் வற்றியபோது விடுதிகளும் உணவுச்சாலைகளும் அல்லலுற்றன.

அறையைத் தேருங்கால் யாம் கைக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. முதலில் ஓரிரவுக்கே பணங் கட்டுவோம். விடியலில் எழுந்து குழாயில் நீர் வருகின்றதா, யன்னலிற் காற்று வருகின்றதா என்று பார்ப்போம். வெளியே சென்று பால், மருந்துக்கடை, சைவச் சாப்பாட்டுக்கடை, பேருந்துத் தரிப்பிடம் ஆகியவற்றின் தூரத்தை நடந்தே அளப்போம். வாடகையோடு வரி சேர்ந்துள்ளதா, எத்தனை மணிக்கு வெளியேறவேண்டும் என்று கேட்போம். மனத்துக்கு ஒத்தால் எஞ்சிய நாள்களுக்கு விலை பேசுவோம். பல நாள் தங்குவோர்க்கு வாடகை குறைத்தல் ஆங்கு வழக்கமே. இளைஞர் கைப்பேசியிலே படங்களையும் பிறர் இட்ட புள்ளிகளையும் பார்த்து அறை பிடிக்கின்றனர். அதனை யாம் விலக்கவில்லை. ஆயினும், அப்புள்ளிகளை இட்டவர் எவ்வேலைக்காகச் சென்றார் என்பதை நாம் அறியோம். படத்தினும் வரைபடத்தையே மிகுதியாகப் பார்த்தல் வேண்டும். அறையின் அழகைப் படம் காட்டும். அதன் விலையை வரைபடமே காட்டும்.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோளோடு இதனை முடிப்போம். நம் கல்லூரியிற் கற்றோர் பலர் சென்னைக்குச் சென்று வந்துள்ளனர். சிலர் அங்கேயே வாழ்கின்றனர். ஒவ்வொருவரும் தாம் தங்கிய இடம், கொடுத்த வாடகை, கடவுச்சீட்டை ஏற்றமை, மருத்துவமனைக்கோ கடைத்தெருவுக்கோ உள்ள தூரம் ஆகியவற்றை ஓர் ஏட்டிலே ஆண்டோடு எழுதிவைத்தால், அவ்வேடு சங்க அலுவலகத்தில் எவரும் வந்து பார்க்கத்தக்கதாய் இருந்தால், நாளை நோயாளரோடு செல்லும் ஓர் ஏழைக் குடும்பம் இரவிலே வாயிற்படியில் அமரவேண்டி வராது. அரங்கு அமைத்தலும் மணிக்கூண்டு எடுத்தலும் போல இது கண்ணுக்குத் தோன்றும் திருப்பணியன்று. செலவும் ஓர் ஏட்டின் விலையே. ஆண்டுதோறும் திருத்தப்படின் பயன் குன்றாது. முதற் பக்கத்தை எழுதித்தர யாம் ஆயத்தமாயுள்ளோம்.

கல்லூரி நமக்குக் கல்வியைத் தந்தது; ஒருவரை ஒருவர் அறியும் உறவையும் தந்தது. அவ்வுறவு கடல் கடந்த நகரிலும் நம்மவர்க்கு நிழலாகுக. உரும்பிராய் இந்து அன்னை நீடு வாழ்க.